ஆசீர்வாதத்தின் ஒரே மகள்

கிள்ளான்
19 பிப்ரவரி 2024

அன்புள்ள ரமணி அக்காவுக்கு,

கர்த்தருடைய கிருபையில் சுகமாக இருக்கிறேன். நீயும் அத்தானும் சுகம்தானே? உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

ஒரு கொமூட்டர் ரயில் தூரத்தில் இருந்துகொண்டு இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். அப்பாவை அடக்கம் செய்தபிறகு போனில் பேசிய இரண்டு முறையும் சண்டையில்தான் முடிந்தது. அதோடு என் போனைச் சரிசெய்து கொடுத்தது பெரியப்பா வீட்டுத் தேவதாஸ் அண்ணன் மகள். நான் யாருக்கு என்ன அனுப்பினாலும் மறுநாளே பெரியப்பா வீட்டில் தெரிந்துவிடுகிறது. எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்டாம்பு ஒட்டி அனுப்பினால் உனக்கு மட்டும் வரும்.

அப்பாவின் நினைவு ஆராதனையில் உன்னைப் பார்த்தேன். கடைசி வரிசையில் இருந்தாய். முடிந்ததும் தேடினேன், காணவில்லை. சாப்பிடாமலேயே போய்விட்டாய் என்று சொன்னார்கள்.

எங்கள் பாலர் பள்ளி திறந்துவிட்டது. இந்த வருஷம் அழுகிற பிள்ளைகள் அதிகம். வீட்டுக்கு வந்தால் சத்தமே இல்லை.

ஒரு வேலை. உன் ஐசி அடையாள அட்டைக் காப்பியும் பிறப்புப் பத்திரக் காப்பியும் சீக்கிரம் அனுப்பு. வீட்டு விஷயமாக நில அலுவலகத்துக்கு வேண்டும். மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

அத்தானுக்கு என் ஸ்தோத்திரம்.

அன்புத் தங்கை,
பியூலா


பிரிக்பீல்ட்ஸ்
27 பிப்ரவரி 2024

அன்புத் தங்கை பியூலாவுக்கு அக்கா எழுதுவது.

நலம். லிப்ட் ஓடும் நாளில் முட்டியும் நலம். உன் அத்தான் சுகர் மாத்திரையை மறந்துவிட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்.

நான் ஏன் சாப்பிடாமல் போனேன் என்று உனக்குத் தெரியாதா? தேவதாஸ் அண்ணன் மேடையில் நின்று அப்பாவின் வாழ்க்கையை வாசித்தார். போர்ட் கிள்ளானில் கிரேன் ஓட்டியது, சபைக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்தது, ஒன்று விடவில்லை. கடைசியில், "ஆசீர்வாதம் அவர்கள் தம் ஒரே மகள் பியூலாவை விட்டுச் சென்றார்" என்றார். ஒரே மகள்! நான் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டு, "நீங்க யாரு மா, பக்கத்து வீடா?" என்று கேட்டாள். நீ முன்வரிசையில் இருந்தாய். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கமலநாதனைக் கோயிலில் வைத்துக் கட்டிக்கொண்ட அன்று அப்பா என்னை மகள் இல்லை என்றார். அது அவர் கோபம். பெற்றவர் கோபத்தை முப்பது வருஷம் தாங்கிக்கொண்டேன். தேவதாஸ் அண்ணன் கோபத்தை நான் ஏன் தாங்க வேண்டும்?

போன வாரம் அவர் இங்கேயே வந்தார். பெரியப்பா மகன் என்ற உரிமை ஒரு கையில், சபைச் செயலாளர் என்ற பதவி ஒரு கையில். பைபிளைத் திறந்து வாசித்தார். ஒரு கோத்திரத்து நிலம் இன்னொரு கோத்திரத்துக்குப் போகக் கூடாதாம். வேறு கோத்திரத்தில் கட்டிக்கொண்ட பெண் அப்பா நிலத்தில் பங்கு கேட்கக் கூடாதாம். "நான் சொல்லல மா, தேவன் சொல்றாரு. நீ ஒரு சைன் போட்டுக் குடுத்துட்டா பியூலாவுக்கு நிம்மதி லா" என்றார். அத்தான் போட்டுக் கொடுத்த காப்பியை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் சொன்னார்.

மறுநாள் உன் கடிதம் வருகிறது. ஐசி அனுப்பு, மற்றதைப் பிறகு எழுதுகிறேன் என்று. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியும் பியூலா.

எனக்கு வீட்டின் மேல் ஆசை இல்லை. ஆனால் ஆசீர்வாதத்துக்கு இரண்டு மகள்கள் என்று ஒரு இடத்திலாவது எழுதியிருக்க வேண்டும். அதனால் ஐசி தரமாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. தனியாக இருப்பவர்கள் சமைக்க அலுத்துக்கொள்வார்கள்.

அக்கா,
ரமணி


கிள்ளான்
8 மார்ச் 2024

ரமணி அக்காவுக்கு,

சுகம். சமைத்துத்தான் சாப்பிடுகிறேன்.

தேவதாஸ் அண்ணன் உன்னிடம் வந்தது எனக்குத் தெரியாது. நம்பினால் நம்பு.

நானும் ஒன்று கேட்கிறேன். போன சனிக்கிழமை வீட்டு வாசலில் ஒரு வெள்ளை மைவி கார் வந்து நின்றது. உள்ளே இருந்தவர் கண்ணாடியை இறக்கி வீட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அத்தானிடம் இருப்பது வெள்ளை மைவிதானே? நீங்கள் ஏஜென்டிடம் விலை விசாரிக்கிறீர்கள் என்று தேவதாஸ் அண்ணன் சொன்னபோது நான் நம்பவில்லை. அந்தக் காரைப் பார்த்தபிறகு எதை நம்புவது என்று தெரியவில்லை.

அப்பாவைக் குளிப்பாட்டியதும் இந்த வீட்டில்தான், அவர் கண் தெரியாமல் சுவரைத் தடவி நடந்ததும் இந்த வீட்டில்தான். இதை விற்றால் பியூலா எங்கே போவாள் என்று உங்களில் ஒருவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வாசல் கேட் சாய்ந்து கிடந்தது. ரவாங்கிலிருந்து தெரிந்தவர் ஒருவர் வந்து சரிசெய்து கொடுத்தார். இப்போது நன்றாகப் பூட்டுகிறது.

முட்டிக்குத் தைலம் தடவு.

பியூலா


பிரிக்பீல்ட்ஸ்
15 மார்ச் 2024

அன்புள்ள பியூலா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான் வயிற்றெரிச்சல்.

இந்த நாட்டில் வெள்ளை மைவி உன் அத்தானிடம் மட்டும்தான் இருக்கிறதா? எங்கள் பிளாட்டுக்குக் கீழே வந்து பார். அவரே ஒருநாள் பாசாரில் காய் வாங்கிக்கொண்டு வந்து அடுத்தவர் காரில் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தார். அந்தச் சனிக்கிழமை அவர் பல் பிடுங்கிக்கொண்டு கன்னம் வீங்கிப் படுத்திருந்தார். வேண்டுமானால் பல்லைக் கவரில் போட்டு அனுப்புகிறேன்.

தேவதாஸ் அண்ணன் வாசித்தது என் மண்டையில் குடைந்துகொண்டே இருந்தது. என் பழைய பைபிளை எடுத்தேன். இருக்கிறது, சாமி மேடைக்குக் கீழே. வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டும்போது உன் அத்தான் அதற்கும் சேர்த்துத்தான் காட்டுவார். எண்ணாகமத்தைப் புரட்டினேன். அவர் வாசித்தது கடைசி அதிகாரம். அதற்கு முன்னால் இருபத்தேழாம் அதிகாரம் ஒன்று இருக்கிறது, அதை அவர் வாசிக்கவே இல்லை.

செலொப்பியாத் என்று ஒருவர், ஆண்பிள்ளை இல்லாமல் செத்துப்போகிறார். அவருடைய பெண்கள் ஐந்து பேரும் நேராக மோசே முன்னால் போய் நின்று, மகன் இல்லை என்பதற்காக எங்கள் அப்பா பேர் ஏன் அழிய வேண்டும், எங்களுக்குப் பங்கு கொடுங்கள் என்று கேட்கிறார்கள். மோசேக்கே பதில் தெரியவில்லை. தேவனிடம் கேட்கிறார். அந்தப் பெண்கள் கேட்பது சரி என்கிறார் தேவன்! இதை நம் தேவதாஸ் அண்ணன் அழகாகத் தாண்டிப் போய்விட்டார்.

இன்னும் கேள். அவர் வாசித்த அந்தக் கடைசி அதிகாரத்தையும் முடிக்கவில்லை. நிலம் கோத்திரத்தை விட்டுப் போகக் கூடாது என்பதற்காக அந்தப் பெண்கள் யாரைக் கட்டிக்கொண்டார்கள் தெரியுமா? அப்பாவுடைய அண்ணன் தம்பி மகன்களை! ஐயோ, நமக்கு அது அண்ணன் முறை. வாயில் சொல்லவே கூசுகிறது. மற்றதெல்லாம் தேவ வார்த்தை என்றால் இதையும் செய்யலாமா என்று அவரிடம் கேட்டுப் பார்.

அவர்கள் ஐந்து பேர் ஒன்றாகப் போய் நின்றார்கள். நாம் இரண்டே பேர், நம்மால் முடியவில்லை. உன்னை நம்ப வேண்டும் என்றுதான் இருக்கிறது. நம்புகிற மாதிரி ஒரு வரி எழுதேன்.

பதிலை எதிர்பார்க்கும்
ரமணி


கிள்ளான்
28 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்கா,

சுகம். ஈஸ்டர் போய்விட்டது, பதில் எழுதத் தாமதம். அத்தானின் பல் வலி தீர்ந்ததா?

நீ கேட்கச் சொன்னதைக் கேட்டுவிட்டேன். தேவதாஸ் அண்ணன் வீட்டில் புதன்கிழமை ஜெபக்கூட்டம். அவர் மறுபடியும் அதே கோத்திரம், அதே நிலம். எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். நான் என் பைபிளைத் திறந்தேன்.

"அண்ணே, கடைசி வரைக்கும் வாசிக்கலாமா?" என்று கேட்டு நானே வாசித்தேன்.

வயதான பவுனம்மாள் ஆன்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அதெல்லாம் அந்தக் காலத்து யூதருக்கு மா" என்றார் அண்ணன்.

"அப்ப நிலம் மட்டும் இந்தக் காலத்துக்கா அண்ணே?" என்றேன்.

அன்றைக்கு யாரும் கேசரியைத் தொடவில்லை.

இப்போது ஐசி விஷயம். நில அலுவலக விண்ணப்பத்தை அண்ணன்தான் எழுதிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் என்ற இடத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. உன் பெயரையும் சேர்த்து நானே புதிதாக எழுதலாம் என்றுதான் ஐசி கேட்டேன். விவரமாக எழுதியிருக்கலாம். அக்காவிடம் ஐசி கேட்கக் காரணம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நினைவு ஆராதனையில் நான் எழுந்து பேசியிருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு எதற்கும் தெம்பு இல்லை.

அன்புடன்,
பியூலா


பிரிக்பீல்ட்ஸ்
12 மே 2024

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். ஜெபக்கூட்டத்தை உன் அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்துப் பொய்ப்பல்லைக் கழற்றி வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

உடனே ஐசி காப்பியைக் கவரில் போட்டேன். ஒட்டுவதற்கு முன்னால் வெளியே எடுத்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

பவுனம்மாள் ஆன்டியைச் சென்ட்ரல் ஸ்டேஷனில் பார்த்தேன். கேட் சரிசெய்ய வந்த ரவாங்காரர் இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறாராம். டயர் கடை எபிநேசர், பெண்டாட்டி இல்லாதவர். அதோடு தேவதாஸ் அண்ணியின் கூடப்பிறந்த தம்பி! இத்தனை கடிதத்தில் இதை மட்டும் ஏன் என்னிடம் சொல்லவில்லை? முறை சரியாகத்தான் இருக்கிறது. எல்லாமே ரொம்பச் சரியாக இருக்கிறது, அதுதான் எனக்குப் பயம். பைபிளைக் காட்டி என்னை வெளியே தள்ளப் பார்த்தார்கள், முடியவில்லை. இப்போது மாப்பிள்ளையைக் காட்டி உள்ளே வருகிறார்கள்.

கிள்ளானிலிருந்து ரவாங்குக்குப் போகிற ரயில் இந்த ஸ்டேஷனைத் தாண்டித்தான் போக வேண்டும். என்னைத் தாண்டி எதுவும் செய்யாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். வீட்டையும் பார்த்துக்கொள்.

ரமணி


கிள்ளான்
7 ஜூலை 2024

ரமணி அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகத்தை ரவாங்கில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

போன வாரம் எபிநேசர் கடைக்குப் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு பெரியவர் வெள்ளை மைவியில் வந்தாராம். டயர் மாற்ற வேண்டும் என்றாராம். நாலு டயரும் புத்தம் புதிது. காரைப் பற்றி ஒன்றும் கேட்காமல், கடை சொந்தமா, கடன் இருக்கிறதா, குடி உண்டா என்று கேட்டாராம். போகும்போது, "தம்பி, உங்களுக்கு கிள்ளான்ல ஏதாவது வீடு வாங்கற யோசனை இருக்கா?" என்றாராம். அத்தானை அனுப்புவதாக இருந்தால் பழைய டயரோடாவது அனுப்பியிருக்கலாம்.

எபிநேசர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

எனக்கு நாற்பத்தொன்பது வயது. ஒருவர் என்னைப் பார்க்க வருகிறார். நான் போட்ட டீ நன்றாக இருக்கிறது என்கிறார். பள்ளியில் எந்தப் பிள்ளை இன்றைக்கு அழுதது என்று கேட்கிறார். அவர் வீட்டைப் பார்க்கத்தான் வருகிறார் என்று நீ முடிவு கட்டிவிட்டாய். பியூலாவைப் பார்ப்பதற்கென்று ஒருவர் ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வரமாட்டார் என்று நினைக்கிறாய். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். எனக்கு வந்த இரண்டு வரன்களையும் வீட்டுக்காக வருகிறார்கள் என்று சொல்லித்தான் திருப்பி அனுப்பினார். அது உனக்குத் தெரியாது, நீ அப்போது இங்கே இல்லை.

சொல்லாததற்கு இதுதான் காரணம். நீ இதைத்தான் சொல்வாய் என்று தெரியும்.

பியூலா


பிரிக்பீல்ட்ஸ்
14 ஜூலை 2024

என் பியூலாவுக்கு,

இங்கே யாருக்கும் சுகமில்லை. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

டயர் யோசனை என்னுடையதுதான். உன் அத்தான் பாவம், ரயிலில் போகிறேன் என்றுதான் சொன்னார். திரும்பி வந்து, "நல்ல மனுசன் லா. 'அங்கிள், இந்த டயர் இன்னும் ரொம்ப நாள் ஓடும், காசை வீணாக்காதீங்க'ன்னு சொல்லி அனுப்பிட்டாரு" என்றார். ஒருநாள் நல்லவராக இருப்பது யாருக்கும் கஷ்டமில்லை என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன்.

உன்னைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. உன்னைப் போல ஒருத்தியை இத்தனை வருஷம் எவனும் பார்க்காமல் விட்டானே என்றுதான் ஊர் ஆண்கள்மேல் எனக்குக் கோபம். ஆனால் அந்தக் குடும்பத்தை நான் நம்பவில்லை. மறைத்து எழுத எனக்கு வரவில்லை.

ஒன்று செய். வீட்டில் பாதி அக்காவுடையது, அவள் விட்டுக்கொடுக்கவும் மாட்டாள், விற்கவும் மாட்டாள் என்று அவரிடம் சொல். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறாரா என்று பார். வந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

இத்துடன் ஐசி காப்பியும் பிறப்புப் பத்திரமும் வைத்திருக்கிறேன். எந்த இடத்தில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்.

அக்கா


பிரிக்பீல்ட்ஸ்
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பியூலா,

சுகமா? பதில் இல்லை. போன் செய்தேன், நீ எடுக்கவில்லை.

அவர் வரவில்லையா? நான் சொன்னதைக் கேட்டு அவரிடம் சொல்லி, அவர் வராமல் போய், நீ அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறாயா? நேற்று பத்துமலை முருகன் கோயிலுக்குப் போய், நான் நினைத்தது தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தேன். இப்படி ஒரு வேண்டுதலை என் வாழ்நாளில் வைத்ததில்லை. உன் சாமியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

நேரில் வரலாம் என்று ஸ்டேஷன் வரைக்கும் போனேன். அப்பா வீட்டு வாசலில் நின்று நீ கதவைத் திறக்காவிட்டால் என்ன செய்வது என்று திரும்பிவிட்டேன். ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

ரமணி


கிள்ளான்
16 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

சுகமாக இருக்கிறேன். நிஜமாகவே சுகம்.

வீட்டில் பாதி உன்னுடையது என்று உன் கடிதம் வருவதற்கு முன்பே அவரிடம் சொல்லிவிட்டேன். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. நானும் அப்பா மகள்தானே. "வீடு உங்க ரெண்டு பேரோடது. எனக்கு ரவாங்ல சின்னதா ஒரு வீடு இருக்கு. நீங்க வந்தா போதும்" என்றார். அடுத்த ஞாயிறு வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். பதில் எழுதாதது உன்மேல் இருந்த கோபத்தில். அந்தக் கோபம் தீர எனக்கு இத்தனை நாள் ஆயிற்று.

எதிர்ப்பு வந்தது தேவதாஸ் அண்ணனிடமிருந்து. கல்யாணம் முடிந்து நாங்கள் இந்த வீட்டில்தான் இருப்போம் என்று நினைத்திருந்தாராம். "அப்ப வீட்ல வாடகைக்கு எவனையாவது வெப்பீங்களா?" என்று எபிநேசரைக் கேட்டார். நீ சந்தேகப்பட்டதில் அண்ணனுக்கு வீட்டின்மேல் கண் என்பது மட்டும் சரி.

நில அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். கவுண்டரில் இருந்த பெண் மலாயில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். "டுவா ஓராங்", இரண்டு பேர் என்றேன். விசாரணைக்கு இரண்டு பேரும் நேரில் போக வேண்டும். நாள் வந்ததும் எழுதுகிறேன்.

கல்யாணம் டிசம்பரில், நம் சபையிலேயே. போன ஞாயிறு ஆராதனையில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசித்தார்கள். ஓலையை எழுதிக் கொடுத்தது நான், வாசித்தது தேவதாஸ் அண்ணன். "ஆசீர்வாதத்தின் இளைய மகள் பியூலா" என்று எழுதியிருந்தேன். அந்த இடம் வந்ததும் அவர் நின்றார். கண்ணாடியைத் துடைத்தார். பிறகு எழுதியிருந்தபடியே வாசித்தார். இன்னும் இரண்டு ஞாயிறு வாசிக்க வேண்டும்.

பெண்ணைப் பீடம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போவது அப்பா வேலை. அப்பா இல்லாததால் பெரியப்பா மகன்தான் வர வேண்டும் என்று அண்ணன் கோட் தைக்கக் கொடுத்துவிட்டார். நான் சபைப் போதகர் ஐயரிடம் போய், அப்பாவுக்கு மூத்த மகள் இருக்கிறாள், அவள்தான் வருவாள் என்றேன். அவர் ஆராதனைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "கூடாதுன்னு எங்கேயும் எழுதல மா" என்றார்.

நீ வருவாயா அக்கா?

பியூலா


பிரிக்பீல்ட்ஸ்
20 செப்டம்பர் 2024

என் தங்கை பியூலாவுக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் அழுதேன் என்று உன் அத்தான் உனக்குச் சொல்வார். முட்டியைப் பற்றிக் கேட்காதே. பீடம் வரைக்கும் நடக்க அது போதும்.

வருகிறேன். பட்டுப்புடவை கட்டி, பொட்டு வைத்துக்கொண்டுதான் வருவேன், அதை எடு என்று யாரும் சொல்லக் கூடாது. உன் அத்தானை முன்வரிசையில் உட்கார வை. பாட்டுப் புத்தகம் மட்டும் கொடுக்காதே, சத்தமாகப் பாட ஆரம்பித்துவிடுவார்.

எபிநேசரை நான் இன்னும் முழுசாக நம்பவில்லை. உன் கையை அவர் கையில் வைப்பதற்கு முன்னால் ஒருமுறை நின்று அவர் முகத்தைப் பார்ப்பேன். அவசரப்படுத்தாதே என்று இப்போதே ஐயரிடம் சொல்லி வை. என் கல்யாணத்தன்று கோயிலில் அப்பாவும் கமலநாதன் முகத்தை அப்படித்தான் பார்த்தார். பார்த்துவிட்டு, என் கையைக் கொடுக்காமல் திரும்பி நடந்துவிட்டார்.

நான் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவேன்.

அக்கா,
ரமணி